சுவரில் ஓராண்டு வாழும் படம்

ஆடி மாதம் பதினெட்டாம் நாளன்று காவிரிக் கரையெங்கும் புதுப்புனலுக்கு மஞ்சளும் மலரும் காதோலை கருகமணியும் இட்டு மக்கள் வழிபட்டுக்கொண்டிருக்கும் வேளையில், அந்தக் காவிரியின் ஈரத்தை ஒருநாளும் கண்டறியாத கரிசல் சீமையாகிய சிவகாசியில் வேறொரு பூஜை நடைபெறுகிறது. வரப்போகும் ஆங்கில ஆண்டுக்குரிய காலண்டர்களின் மாதிரிகளை ஒருங்கே தொகுத்த கனத்த ஆல்பத்தை அன்றைய தினம் பூஜையில் வைத்து வெளியிடுவது அவ்வூர் அச்சகத்தாரின் சம்பிரதாயம். பிறகு அந்த ஆல்பங்களைச் சுமந்துகொண்டு ஏஜெண்டுகள் ஊர் ஊராகப் புறப்படுகிறார்கள். மளிகைக் கடைக்காரரும், ஜவுளிக் கடைக்காரரும், நகை வியாபாரியும், அரிசி மண்டிக்காரரும், புத்தாண்டு பிறக்க இன்னும் ஐந்து மாதங்கள் இருக்கும்போதே, அடுத்த ஆண்டு முழுவதும் தங்கள் பெயரைத் தாங்கி நிற்கப்போகும் படம் எதுவென்று தீர்மானிக்க உட்காருகிறார்கள்.

ஒரு ஸ்தாபனத்தின் பெயரை ஜனங்களின் மனத்தில் பதிப்பதற்கு ஏற்ற படத்தை முன்கூட்டியே ஆலோசித்து, இடமும் உடையும் ஒளியும் வர்ணமும் வகுத்து எடுக்கும் காரியத்தை இக்காலத்தில் ‘பிராண்டு போட்டோஷூட்’ என்று அழைக்கிறார்கள். பெயர் புதியது, காரியம் பழையது. காமிராவின் துணை குறைவாகவும், கல்லின் துணையும் தூரிகையின் துணையும் அதிகமாகவும் இருந்த காலத்திலேயே நம் நாட்டு வியாபாரிகள் அதை மிகுந்த சிரத்தையோடு செய்து வந்திருக்கிறார்கள். இந்தப் படம் யாருடைய வீட்டில், எந்தச் சுவரில், எத்தனை நாள் வாழப்போகிறது என்பதே அவர்கள் மற்றெல்லாவற்றுக்கும் முன்னதாகத் தங்களைக் கேட்டுக்கொண்ட கேள்வி. அந்தக் கேள்வி எங்கே தோன்றி, எவ்வாறு வளர்ந்தது என்று பார்ப்பது விளம்பரத் தொழிலில் இருப்போருக்கு மட்டுமன்றி, நம் வீட்டுச் சுவர்களைச் சற்றே நின்று பார்க்கும் வழக்கமுள்ள யாவருக்கும் பயன் தருவதாகும்.

எழுத்தறியாதோர் பெரும்பான்மையாக இருந்த நாட்டில் பண்டத்தின் மேல் அச்சிட்ட பெயர் பலருக்கு வெறும் கோடுகளாகவே தோன்றியிருக்கும். படமே அவர்களுக்குப் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மான்செஸ்டரிலிருந்து கப்பலேறி வந்த துணிகளின்மேல், இன்ன ஆலையின் சரக்கு இது என்று காட்டுவதற்காக, பல வர்ணங்களில் அச்சிட்ட சிறிய படத்தாள்களை ஒட்டி அனுப்பினார்கள். ‘டிக்கெட்’ என்று அத்தொழிலில் வழங்கிய அந்தத் தாள்களில் யானையும் புலியும் இருந்தன. காலப்போக்கில் நம் தெய்வங்களும் வந்து அமர்ந்தன. துணி கிழிந்து போன பின்னரும் டிக்கெட்டைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள் என்பதிலிருந்து, படத்துக்கென்று தனியாக ஓர் ஆயுள் உண்டு என்பதை வியாபாரிகள் கண்டுகொண்டிருக்க வேண்டும். ‘மார்க்’ என்ற சொல் தமிழில் வேரூன்றியதும் இவ்வாறே. தீபாவளிக்குப் பட்டாசு வாங்கப் போகிறவர்கள் கம்பெனியின் பெயரைச் சொல்வதில்லை. அணில் மார்க் என்பார்கள், கோழி மார்க் என்பார்கள். வியாபாரச் சின்னங்களுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் 1940ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது. ஜனங்களோ அதற்கு வெகுகாலம் முன்பே அந்தச் சின்னங்களுக்குத் தங்கள் பேச்சில் நிரந்தரமான இடம் கொடுத்துவிட்டார்கள்.

இவ்வளவு படங்களும் மலிவாகக் கிடைப்பதற்கு வழி செய்தது ஒரு கல். 1796ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியின் பவேரியா நாட்டில் அலாய்ஸ் செனஃபெல்டர் என்பவர் கண்டறிந்த லித்தோ முறை, எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று சேரா என்ற, நம் அடுக்களையில் அனுதினமும் காணும் உண்மையை ஆதாரமாகக் கொண்டது. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின்மேல் கொழுப்பு கலந்த மையினால் படத்தை இடவலம் மாற்றி வரைந்து, கல்லை நீரால் நனைத்து, அதன்மேல் மை உருளையை உருட்டினால், வரைந்த இடம் மட்டும் மையைப் பற்றிக்கொள்ள, ஈரமான மற்ற இடம் அதை விலக்கிவிடும். அதன்மேல் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் ஏறிவிடும். வர்ணப் படமாயின் ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒரு கல் வேண்டும். தேவியின் கன்னத்துக்கு ஒரு சிவப்பு, புடவைக்கு வேறொரு சிவப்பு, ஆபரணத்துக்கு மஞ்சள், வானத்துக்கு நீலம் என்று தனித்தனியே புள்ளி புள்ளியாகக் கல்லில் இட்டு, ஒரே தாளை ஒவ்வொரு கல்லின் மேலும் இம்மியும் பிசகாமல் பொருத்தி அச்சிட வேண்டும். ஒரு மயிரிழை விலகினால் தேவியின் உதட்டுச் சிவப்பு மோவாயில் போய்விடும். வேலை முடிந்ததும் அந்தக் கல்லை மணலிட்டுத் தேய்த்து, பழைய படத்தை அழித்துவிட்டு, அடுத்த படத்துக்குத் தயார் செய்வார்கள். ஆகவே கல்லில் படம் தங்குவதில்லை. அது தங்குகிற இடம் அதை வாங்கிச் சென்றவர் வீட்டுச் சுவர்தான்.

இந்த முறையை இந்தியச் சித்திரக் கலையோடு பெரிய அளவில் இணைத்தவர் கிளிமானூர் ராஜா ரவிவர்மா. கும்பகோணத்தில் பிறந்து, திருவாங்கூரிலும் இந்தூரிலும் பரோடாவிலும் திவானாக விளங்கிய சர். டி. மாதவராவ், ரவிவர்மாவின் படங்களுக்கு நாடெங்கும் ஏற்பட்டுவிட்ட தேவையை ஒரு மனிதரின் இரண்டு கைகளால் நிறைவு செய்ய இயலாதென்றும், அவற்றைப் பிரதிகளாக அச்சிட்டுப் பரப்புவதே தக்கதென்றும் அவருக்கு யோசனை கூறினார். 1894ஆம் ஆண்டில் பம்பாயில் ரவிவர்மா அச்சகம் தொடங்கிற்று. பின்னர் அது லோனாவ்லாவுக்கு அருகிலுள்ள மலவ்லிக்குச் சென்றது. சில ஆண்டுகளில் அங்கே பணியாற்றிய ஜெர்மானிய நிபுணர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷரின் கைக்கு மாறிற்று. உரிமையாளர் மாறியபோதிலும், தாமரைமேல் நிற்கும் லக்ஷ்மியும் வீணை ஏந்திய சரஸ்வதியும் அங்கிருந்து புறப்பட்டு, அரண்மனைக்குள் நுழைய வழியில்லாத கோடிக்கணக்கான குடும்பங்களின் பூஜை அறைகளுக்குள் குடிபுகுந்தார்கள்.

அவ்வாறு குடிபுகுந்த படங்களோடு தங்கள் பெயரையும் அனுப்பிவிடலாம் என்று கண்டவர்களில் அந்நிய நாட்டுக் கம்பெனிகள் முன்னணியில் நின்றன. சோப்பும், குழந்தை உணவும், மருந்தும் விற்ற அக்கம்பெனிகள் காலண்டர்களை அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தன. 1920களில் வுட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர் என்னும் ஆங்கிலக் குழந்தை மருந்தின் காலண்டரில் பாலகிருஷ்ணன் வந்து தோன்றினான். இங்கிலாந்தில் அதே மருந்துக்கு வேறு படம் போதுமாயிருந்தது; இந்தியத் தாய் தன் குழந்தையைக் கண்ணனாகவே காண்கிறாள் என்பதை யாரோ அந்தக் கம்பெனிக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். மருந்துப் புட்டியைப் பெரிதாக வரைந்திருந்தால் அந்தத் தாளைச் சுவரில் மாட்டியிருப்பவர் சிலரே. கண்ணனை வரைந்ததனால் மருந்தின் பெயர் வீட்டுக்குள் சென்று, பன்னிரண்டு மாதமும் தாயின் கண்ணெதிரே நின்றது.

சிவகாசி இந்தச் சரித்திரத்தில் பிரவேசித்தது தீப்பெட்டியின் மூலமாக. மழை பொய்த்த பூமியில் வேறு பிழைப்புத் தேடவேண்டிய நிர்ப்பந்தத்தில் இருந்த அவ்வூரிலிருந்து, பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்றுத் திரும்பினார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில் ஸ்வீடன் நாட்டுப் பெருங்கம்பெனி ஒன்றும் இந்தியாவில் தீப்பெட்டித் தொழிற்சாலை நிறுவிற்று. அத்தகைய மலையோடு போட்டியிட வேண்டிய சிறு உற்பத்தியாளர்களுக்கு லேபிள் என்பது அலங்காரத்துக்காக ஒட்டும் தாளாக இருக்க முடியாது. தங்கள் சரக்கை இன்னொருவர் சரக்கிலிருந்து பிரித்துக் காட்டும் ஒரே அடையாளம் அதுதான். லட்சக்கணக்கில் லேபிள்கள் தேவைப்பட்டன. தேவையின் பின்னே லித்தோ அச்சகங்கள் வந்தன. மழையும் ஈரமும் குறைந்த அந்தச் சீமையின் தட்பவெப்பம், தீக்குச்சியை உலர்த்துவதற்கு உதவியதைப் போலவே, காகிதம் சுருங்காமலும் விரியாமலும் பல வர்ணங்களைப் பொருத்தி அச்சிடுவதற்கும் உதவிற்று. தீப்பெட்டியின் மூன்று விரற்கடைப் பரப்பில் பழகிய கைகள், பிறகு காலண்டரின் பெரிய பரப்புக்குத் துணிந்து சென்றன.

அச்சகம் வந்துவிட்டது; வரைபவர் யார்? அதற்கு விடை, சிவகாசிக்குத் தெற்கே சாத்தூரைத் தாண்டியுள்ள கோவில்பட்டியில் கிடைத்தது. 1898ஆம் ஆண்டில் பிறந்த சி. கொண்டையராஜு, சென்னைக் கலைப் பள்ளியில் சித்திரம் பயின்றவர். துறவு மனத்தோடு திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் சில காலம் தங்கியவர். பின்னர் நாடகக் கம்பெனியில் சேர்ந்து படுதாக்கள் எழுதியவர். அந்த நாடகக் கம்பெனி 1940களில் கோவில்பட்டியில் கலைந்தபோது அவர் அவ்வூரிலேயே தங்கி, டி.எஸ். சுப்பையா முதலிய சீடர்களைக் கூட்டிக்கொண்டு சித்திரத் தொழிலை நடத்தலானார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியின் கற்களில் ஏறி நாடெங்கும் பரவின. 1976இல் அவர் காலமானபோது, அவருடைய பெயரை அறியாத வீடுகள் எத்தனையோ இருந்திருக்கலாம். அவர் கைவண்ணத்தை அறியாத வீடு தென்னாட்டில் இருந்திருப்பது அரிது.

அந்தப் படங்களைச் சற்று உற்று நோக்குபவருக்கு நாடக மேடை புலப்படும். இருபுறமும் தூண்கள், மேலே மடித்துக் கட்டிய திரைச்சீலை, பின்னே ஏரியும் மலையும் அந்தி வானமும், நடுவில் நேரே நம்மைப் பார்த்து நிற்கும் தெய்வம். திரை தூக்கப்பட்டவுடன் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் முகம் தெரியவேண்டும் என்பது படுதாக்காரர் கற்ற பாடம். கூடத்தின் எதிர்ச்சுவரில் மாட்டிய காலண்டர் அடுக்களை வாசலில் நிற்கும் கிழவிக்கும் தெரியவேண்டும் என்று வந்தபோது, அந்தப் பாடமே கை கொடுத்தது. அதே படுதாவுக்கு இன்னொரு வாரிசும் உண்டு. அது போட்டோ ஸ்டூடியோ.

முதலாளியின் நிழற்படத்தையே மார்க்காக வைத்துக்கொள்ளும் வழக்கம் பீடி, பல்பொடி, சித்த மருந்து முதலிய தொழில்களில் பெருகியிருந்தது. சரக்குக்குப் பொறுப்பேற்று நிற்கும் மனிதர் இன்னார் என்று முகத்தைக் காட்டி உறுதி கூறுவது அதன் கருத்து. வியாபாரத்தின் பொருட்டு முன்னேற்பாட்டோடு எடுக்கப்பட்ட நிழற்படங்களில் நம் நாட்டில் ஆதியானவற்றுள் இவற்றையும் சேர்க்க வேண்டும். நல்ல நாள் பார்த்து, க்ஷவரம் செய்துகொண்டு, சலவை வேஷ்டியும் சரிகை அங்கவஸ்திரமும் தரித்து, தலைப்பாகையைச் சரிசெய்து, முதலாளி ஸ்டூடியோவுக்கு வருவார். வர்ணத்தில் எழுதிய மாளிகைப் படுதாவுக்கு முன்னே, கைப்பிடி வைத்த நாற்காலியில் அவரை அமர்த்தி, பக்கத்து மேஜைமேல் ஒரு கனத்த புத்தகமோ கடிகாரமோ வைத்து, மோவாயைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லிவிட்டு, போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொள்வார். “அசையாதீங்க ஐயா” என்ற குரலுக்குப் பிறகு, மூச்சை அடக்கிய அந்தக் கணத்தில் பதிந்த முகம், ஈயப் பென்சிலால் நெகடிவில் ரீடச் செய்யப்பட்டு, அச்சுக்குரிய ப்ளாக்காக மரக்கட்டையில் அறையப்பட்டு, அவர் காலத்துக்கும் அவர் மகன் காலத்துக்கும் அந்தத் தொழிலின் முகமாக நிலைத்துவிடும். அந்த ப்ளாக்கைத் துணியில் சுற்றி இரும்புப் பெட்டியில் வைப்பார்கள். பத்திரிகைக்கும் அச்சகத்துக்கும் அனுப்பித் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். படத்தின் கீழே, போலிகளைக் கண்டு ஏமாறவேண்டாம் என்று ஒரு வரி. அந்த முகத்தில் புன்னகை இராது. கடனுக்குச் சரக்கு கொடுத்த மொத்த வியாபாரியும், காசு கொடுத்து வாங்கும் கூலிக்காரரும் அந்த முகத்தில் தேடியது நாணயத்தை. ஆகவே அதைத்தான் அவர் கொண்டுவந்து காட்டினார்.

இனி ஆடி மாதத்து ஆல்பத்துக்குத் திரும்புவோம். கடையின் பட்டறை மேஜைமேல் ஏஜெண்ட் அதை விரித்து வைத்தவுடன், அதுவரை பருப்பு விலை பேசிக்கொண்டிருந்த முதலாளி வேறு மனிதராகிவிடுகிறார். ஒவ்வொரு தாளையும் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்க்கிறார். லக்ஷ்மி நின்றிருந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். நிற்கும் லக்ஷ்மி புறப்பட்டுவிடுவாள், அமர்ந்த லக்ஷ்மியே வீட்டில் தங்குவாள் என்பது குடும்பங்களில் வழங்கும் நம்பிக்கை. உக்கிரமான காளியை ஒதுக்குகிறார். வள்ளி தெய்வானையோடு நிற்கும் முருகனிடத்தில் சற்றே தாமதிக்கிறார். கறுப்பு மிகுந்த தாள் மங்கலமாகாது. சிவப்பும் மஞ்சளும் வேண்டும். வாடிக்கைக்காரர்களில் முஸ்லிம் குடும்பங்கள் இத்தனை, கிறிஸ்தவக் குடும்பங்கள் இத்தனை என்று மனத்துக்குள் எண்ணி, மெக்காவின் காபாவில் சிலநூறும், வேளாங்கண்ணி மாதாவில் சிலநூறும் தனியே சொல்கிறார். தலைவர்களின் படம் வருகிறபோது மட்டும் யோசனை நீள்கிறது. காந்தியடிகள் எந்த வீட்டிலும் ஏறுவார், மற்றவர்களைப் பற்றி அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியாது. பெரிய ஸ்தாபனங்கள் தங்களுக்கென்றே புதுப் படம் எழுதச் சொல்வதுண்டு. மற்றவர்களோ ஆல்பத்தில் தேர்ந்த படத்தின் கீழே வெறுமையாக விட்டிருக்கும் பட்டையில் தங்கள் பெயரையும் விலாசத்தையும் அச்சிட்டு வாங்கிக்கொள்வார்கள். அந்தப் பெயர் எப்பொழுதும் தெய்வத்தின் திருவடிக்குக் கீழேதான். அதற்கு மேலே ஓர் அங்குலமும் ஏறுவதில்லை.

படத்தின் கீழே தொங்கிய தினசரித் தாள்கட்டும் இந்த ஏற்பாட்டின் ஓர் அங்கமே. திதியும் நக்ஷத்திரமும், ராகு காலமும் எமகண்டமும், அமாவாசையும் கிருத்திகையும் அதில் இருந்தன. பெண் பார்க்கப் புறப்படுகிறவரும், வெளியூர் கிளம்புகிறவரும் அதன்முன் வந்து நின்றுதான் ஆகவேண்டும். விடியற்காலையில் நேற்றைய தாளைக் கிழிக்கும் உரிமைக்காகக் குழந்தைகள் சண்டையிட்டுக்கொள்ளும் வீட்டில், கடைக்காரரின் பெயர் யாருடைய அழைப்பும் இன்றி ஆண்டுக்கு முந்நூற்று அறுபத்தைந்து தடவை வாசிக்கப்பட்டது. மார்கழி மாதத்தில் மளிகைக் கடை வாசலில் “அண்ணாச்சி, காலண்டர் வந்தாச்சா?” என்று கேட்காத வாடிக்கைக்காரர் இல்லை. தன் விளம்பரத்தைத் தரும்படி ஜனங்களே வந்து கேட்டு, கிடைக்காவிட்டால் மனத்தாங்கல் கொள்ளும் நிலையை எந்த வியாபாரி விரும்பமாட்டார்?

காமிரா இந்தச் சுவரைப் பிடிக்க வெகுகாலம் காத்திருக்க வேண்டியிருந்தது. நிழற்படத்தை அச்சில் ஏற்றுவதற்கு அதைப் புள்ளிகளாகச் சிதைத்து ப்ளாக் செய்ய வேண்டும். முரட்டுப் பத்திரிகைக் காகிதத்தில் அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து முகம் கரிபடிந்ததுபோல் தோன்றும். இருப்பினும் பத்திரிகைகளின் செல்வாக்கு வளர வளர, நிழற்பட விளம்பரமும் வளர்ந்தது. விளம்பரத் தொழிலில் அனுபவம் பெற்றிருந்த எஸ்.எஸ். வாசன் 1928இல் ஆனந்த விகடனை வாங்கி நடத்தத் தொடங்கிய பிறகு, தமிழ்ப் பத்திரிகையும் விளம்பரமும் ஒன்றையொன்று தாங்கி வளர்ந்ததை நாடறியும். 1941இல் லீலா சிட்னிஸ் என்னும் ஹிந்தி நடிகை லக்ஸ் சோப்பின் விளம்பரத்தில் தோன்றியபோது, இந்தியத் திரை நட்சத்திரத்தின் முகத்தை ஒரு பண்டத்தோடு இணைக்கும் வழக்கம் நிலைபெற்றது. ஆஃப்செட் இயந்திரங்கள் வந்து, கற்கள் அச்சகங்களின் பின்கட்டுக்குச் சென்ற பின்னர், நிழற்படம் தன் வர்ணம் முழுவதையும் இழக்காமல் காகிதத்தில் ஏறத் தொடங்கிற்று. இன்று காமிராவுக்கு இயலாத காட்சி என்று ஒன்றும் இல்லை.

ஆயினும் இன்று படம் எடுக்கத் திட்டமிடுகிறவர்கள் பலர், ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழவேண்டும், உடையின் வர்ணம் சின்னத்தின் வர்ணத்தோடு எவ்வாறு இசையவேண்டும் என்பனவற்றை நுணுக்கமாக ஆராய்ந்துவிட்டு, அந்தப் படம் போய்ச் சேருமிடத்தில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது எந்த வகையில் வேண்டியதாக இருக்கும் என்பதை ஆராயாமல் விட்டுவிடுவதைக் காணும்போது எனக்கு வருத்தமாயிருக்கிறது. பட்டறையில் அமர்ந்து ஆல்பத்தைப் புரட்டிய அந்த வியாபாரி ஒளியைப் பற்றியோ கோணத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் அறியாதவர்; தன் வாடிக்கைக்காரர்களின் வீடுகளை மட்டும் ஒவ்வொன்றாக அறிந்திருந்தார். அந்த அறிவிலிருந்து பிறந்த தீர்மானங்கள் வீண்போகவில்லை.

நான் வளர்ந்த வீட்டின் கூடத்தில் மீனாக்ஷி கல்யாணப் படம் ஒன்று சட்டமிட்டு மாட்டப்பட்டிருந்தது. ஆண்டு முடிந்ததும் அந்தக் காலண்டரை எறிய மனமில்லாமல் என் பாட்டி அதைக் கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோய்ச் சட்டம் போட்டு வாங்கிவந்தாள் என்று சொல்வார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அவள் கண்ணாடியின் மேலேயே வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து தடித்து, மீனாக்ஷியின் நெற்றி எது, பொட்டு எது என்று பிரித்தறிய முடியாதபடி ஆகிவிட்டிருந்தது. படத்தின் அடியில், சந்நிதித் தெருவிலிருந்த ஒரு பாத்திரக் கடையின் பெயர் சிவப்பு எழுத்தில் இருந்தது. நான் எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்ற காலத்திலேயே அந்தக் கடை மூடப்பட்டுவிட்டது. அவ்விடத்தில் வேறு யாரோ வேறு எதையோ விற்றுக்கொண்டிருந்தார்கள். சட்டம் போடும்போது கண்ணாடிக் கடைக்காரர் அந்தப் பெயர்ப் பட்டையை வெட்டிவிடலாமா என்று கேட்டாராம். தேதித் தாள் ஒட்டியிருந்த பாகத்தை மட்டும் எடுத்துவிடச் சொல்லி, பெயரை அப்படியே விட்டுவிடும்படி பாட்டி சொல்லிவிட்டாள். “கொடுத்தவா பேர் இருக்கட்டும்” என்றாளாம்.